மலை இல்லாத படங்கள்

அலோர் ஸ்டார், மலேசியா
28-1-1971

அன்புள்ள செவ்வந்திக்கு,

கப்பல் ஒரு வழியாகப் பினாங்கில் கொண்டுவந்து தள்ளிவிட்டது. நாகப்பட்டினத்தில் ஏறியதிலிருந்து குடல் வாய்க்கு வந்து வந்து போனது. போர்டு எழுத எந்த உயரத்துச் சாரத்திலும் ஏறி நிற்கிறவன் நான், தண்ணீரில் படுத்துவிட்டேன். நாடகக் கம்பெனிக்காரர்கள் என்னைப் பார்த்து, சீன் படுதா எழுத ஆள் கொண்டுவந்தோமா, படுதாவையே சுருட்டிக்கொண்டு வந்தோமா என்று கேலி செய்தார்கள்.

இப்போது கெடா என்கிற பகுதியில் நாடகம். நம்ப மாட்டாய், கண் எட்டும் மட்டும் வயல். வரப்பு, வாய்க்கால், கொக்கு, எல்லாம் நம் பாபநாசம்தான். ஒன்றே ஒன்றுதான் வேறு. வயல் முடிகிற இடத்தில் ஒரு மலை நிற்கிறது. ஜெராய் என்று பெயர். சமதரையிலிருந்து சட்டென்று எழும்பி, காலையில் நீலம், மத்தியானம் பச்சை, சாயங்காலம் என்ன நிறமென்றே சொல்ல முடியாத ஒரு நிறம். எனக்கு வயது முப்பத்தாறு. வயலுக்குப் பின்னால் ஆகாயத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

பினாங்கில் வாட்டர் கலர் டப்பாவும் தடித்தாள் நோட்டும் வாங்கிவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பார்த்ததைப் பார்த்தபடி. போர்டு எழுதி எழுதி, யாரோ சொன்னதைத்தானே இத்தனை வருஷம் எழுதினேன்? எனாமலில் தப்பினால் மேலே பூசி மறைத்துவிடலாம். இதில் முடியாது. தாள்தான் வெள்ளை, போட்டது போட்டதுதான். நோட்டின் தையலைப் பிரித்து மூன்று பக்கம் அனுப்பியிருக்கிறேன். மூன்றிலும் மலை இருக்கிறது. தமிழரசிக்குக் காட்டு. தாளெல்லாம் வந்ததும் கோணி ஊசியால் சேர்த்துத் தைத்து வை.

இனி ஊரில் சொல்லிவிடலாம். கப்பல் ஏறுமுன் தம்பட்டம் அடித்தால் கண்ணு பட்டுவிடும், துறைமுகத்தில் திருப்பி அனுப்பிவிட்டால் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் பேராவூரணிப் பக்கம் நாடகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். சித்திரை கடைசியில் வந்துவிடுவேன். சம்பா அறுப்பை எப்படியாவது பார்த்துக்கொள்.

உன்
ஐயாவு


மேலக்குறிச்சி
21-2-1971

தமிழரசி அப்பாவுக்கு, செவ்வந்தி எழுதிக்கொண்டது.

ஊரில் சொல்ல வேண்டாம். நான் சொல்லவில்லை. நீங்களும் யாருக்கும் எழுதாதீர்கள்.

நீங்கள் போன பிறகு இங்கே எல்லாம் மாறிவிட்டது. குத்தகை நிலம் யார் சாகுபடி செய்கிறார்களோ அவர்கள் பெயரைச் சர்க்காரில் பதிவு செய்யப்போகிறார்களாம். பெயர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்தபோது இறக்கிவிட முடியாது. விவசாயச் சங்கத்தில் இருக்கிற என் தம்பி ரெத்தினம் வந்து, உங்கள் பெயருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறான். மறுநாளே மிராசுதாரின் ஏஜெண்டு துரைராசு வாசலில் வந்து நின்றார். "உன் வீட்டுக்காரன் எங்கம்மா? கொஞ்ச நாளா ஆளையே காணோமே" என்று கேட்டார். உழுகிறவன் ஊரில் இல்லை என்று காட்டிவிட்டால் ஆறு மா நிலமும் அவர்கள் கைக்குப் போய்விடும். பேராவூரணியில் நாடகம், வாரத்துக்கு ஒரு தடவை வந்து வயலைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்று சொல்லிவிட்டேன். ரெத்தினமும் அதையே சொல்லச் சொன்னான்.

போதாக்குறைக்கு எலெக்ஷன். சுவர் எழுத நீங்கள் இல்லை என்று கட்சிக்காரர்கள் தினம் வந்தார்கள். அங்கேயும் கட்சிச் சுவர்தான் எழுதுகிறார் என்று சொன்னேன். ஒரு பொய்க்குக் கொட்டகை போட்டால் அதற்கு நாலு பந்தக்கால் நட வேண்டியிருக்கிறது.

தபால்காரர் ஜெக்கரியாவுக்குத் தெரியும். மலேசியா தபால்தலையைப் பார்க்காமல் இருப்பாரா? ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை வீட்டில் கொடுக்காமல் வயலில் கொண்டுவந்து கொடுக்கிறார்.

படங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அந்த மலை நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கே மலை இருக்கிறது? மூன்றையும் நெல் குதிருக்குள் ஒளித்துவிட்டேன். இனிமேல் மலையைப் போடாதீர்கள். பேராவூரணி மாதிரி தென்னந்தோப்பு, வாய்க்கால் என்று போட்டு அனுப்பினால் துரைராசு வரும்போது காட்டலாம். பெயரும் தேதியும் வேண்டாம்.

அறுப்பு முடிந்தது. எப்படி முடிந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் நானும் எழுதவில்லை.

செவ்வந்தி


அலோர் ஸ்டார்
14-3-1971

அன்புள்ள செவ்வந்திக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கடல் தாண்டி வந்து, பார்த்ததைப் பார்த்தபடி போடுகிறேன் என்று ஆசையாக உட்கார்ந்தால், மலையை எடு, தென்னையைப் போடு என்கிறாய். கடைக்காரர்கள்கூட இப்படிச் சொன்னதில்லை.

என்ன செய்வது, நிலம் போய்விட்டால் படத்தையா தின்ன முடியும்? அனுப்பியிருக்கிறேன். இரண்டு தென்னந்தோப்பு, ஒரு வாய்க்கால். பேராவூரணியை நானே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் பஸ் ஜன்னலில். மலையை விட்டுப் போடுவது நீ நினைக்கிற மாதிரி சுலபம் இல்லை. மலை இருந்த இடத்தில் ஆகாயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

கம்பெனி உடைந்துவிட்டது. ராஜபார்ட்டுக்கும் முதலாளிக்கும் சண்டை. ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டார்கள். நான் அஹமது கபீர் பாயின் சாப்பாட்டுக் கடையில் தங்கியிருக்கிறேன். நாகூர்க்காரர், முப்பது வருஷமாக இங்கே. கடைக்குப் போர்டு எழுதிக் கொடுத்தேன், பக்கத்துக் கடைக்காரர்களும் கூப்பிடுகிறார்கள். உங்கள் ஊர் ராசா கப்பல் படையோடு வந்து பிடித்த கடாரம் இதுதான் என்று பாய் சொன்னார். நான் பெயிண்டு டப்பாவோடு வந்திருக்கிறேன், என்னை ஒன்றும் செய்யாதீர்கள் என்றேன்.

அறுப்பைப் பற்றி நான் கேட்கவில்லையா? எழுதினேன் என்றுதான் நினைவு. யார் அறுத்தது? கண்டுமுதல் எப்படி?

ஐயாவு


மேலக்குறிச்சி
10-4-1971

தமிழரசி அப்பாவுக்கு,

அறுத்தது நான். என்னோடு ராசம்மாள் அக்காவும், அவள் கூட்டி வந்த பெண்களும். அடித்துத் தூற்றியதும் நாங்கள்தான். ரெத்தினம் மாடு கொண்டுவந்து போரடித்துக் கொடுத்தான். நெல் போன வருஷத்தை விடக் கொஞ்சம் கூடத்தான். நீங்கள் ஊரில் இருந்தாலும் அறுப்பு நேரத்தில் யார் கடைச் சாரத்திலாவதுதான் இருந்திருப்பீர்கள், அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. கோபத்தில் எழுதவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

படங்களைத் துரைராசுவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தோப்புக்குப் பின்னால் ஒரு வீடு போட்டிருக்கிறீர்களே, அதற்கு ஏன் கால் வைத்தீர்கள்? "என்னம்மா, வீடு பந்தக்கால் மேல நிக்குது?" என்று கேட்டார். அங்கே வெள்ளம் வரும், அதனால் பரண் மாதிரி கட்டிக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். பேராவூரணியில் ஏது வெள்ளம்? எனக்கே வாய் குழறியது. அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துக்கொண்டே போனது பயமாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். கம்பெனி உடைந்துவிட்டது என்கிறீர்கள். அப்புறம் அங்கே எதற்கு இருக்கிறீர்கள்? பொய் சொல்லிச் சொல்லி எனக்கே குழம்புகிறது. நேற்று தமிழரசி அப்பா எங்கே என்று கேட்டாள், பேராவூரணியில் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. வாயில் அதுதான் வந்தது. சொன்ன பிறகு, நிஜமாகவே நீங்கள் பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில்தான் இருக்கிறீர்கள், வரத்தான் மனசில்லை என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

நம் மனு மேல் விசாரணை வைகாசியில். இன்னும் படங்கள் அனுப்புங்கள். வீட்டுக்குக் கால் வேண்டாம்.

செவ்வந்தி


அலோர் ஸ்டார்
2-5-1971

அன்புள்ள செவ்வந்திக்கு,

இங்கே எதற்கு இருக்கிறேன் என்று கேட்டாய். பதில் எழுத உட்கார்ந்து மூன்று தடவை கிழித்துவிட்டேன். எனக்கும் தெரியவில்லை. கப்பல் இருக்கிறது, ஏறலாம். நாளைக்கு ஏறலாம் என்று தோன்றுகிறது. மறுநாள் காலையில் கலர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வயல் பக்கம் போய்விடுகிறேன்.

போன வாரம் ஒன்று நடந்தது. விடிந்ததும் வெளியே வந்து பார்க்கிறேன், மலையைக் காணோம். வயல், அப்புறம் ஆகாயம், அவ்வளவுதான். அதை எடுத்து எடுத்து நானே அழித்துவிட்டேனோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. கபீர் பாயை எழுப்பி மலை எங்கே என்று கேட்டேன். "மேகம் இறங்கியிருக்கு. ஒம்பது மணிக்கு வந்துடும், போய்ப் படும்" என்று திட்டினார். வந்தது. ஆனாலும் மேகம் மூடியிருந்த அந்தக் கொஞ்ச நேரம் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை, செவ்வந்தி. மேலக்குறிச்சிதான் என்று சத்தியம் பண்ணியிருப்பேன். வாய்க்கால் மதகடியில் நீ குனிந்து நிற்கிறாயா என்றுகூடப் பார்த்தேன்.

அந்த நேரத்திலேயே உட்கார்ந்து போட்டதுதான் இப்போது அனுப்புகிற படம். மலை இல்லை, கால் வைத்த வீடு இல்லை, தென்னைகூட இல்லை. நாற்று நட்டு வேர் பிடித்த வயல், வரப்பு வரைக்கும் தண்ணீர், தண்ணீரில் வெளிச்சம். இங்கே புதிதாக அணை கட்டி வருஷத்துக்கு இரண்டு போகம் ஆக்கிவிட்டார்கள். நான் போட்டதிலேயே இதுதான் உருப்படி. இதைப் பார்த்து யாரும் வெளியூர் என்று சொல்ல முடியாது. துரைராசுவிடம் தைரியமாகக் காட்டு.

விசாரணைக்கு வர முடியுமா என்று பார்க்கிறேன். பார்க்கிறேன் என்றுதான் எழுத வருகிறது.

ஐயாவு


மேலக்குறிச்சி
30-5-1971

தமிழரசி அப்பாவுக்கு,

விசாரணை முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நல்லதா கெட்டதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உங்கள் படம் வந்ததும் சுவரில் ஒட்டினேன். அவ்வளவு அழகு. துரைராசு வந்தவர், எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கட்டும், ஒரு நாள் கொடு என்று கேட்டார். பெருமையில் பிய்த்துக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். உங்களுக்கும் வரவில்லை. பிறந்ததிலிருந்து வயலில் கிடக்கிறோம், இரண்டு பேரும் அந்தத் தண்ணீரின் அழகைப் பார்த்தோமே தவிர, மாசம் என்ன என்று பார்க்கவில்லை.

பாபநாசத்தில் அதிகாரி முன்னால் துரைராசு அந்தப் படத்தை விரித்தார். "சித்திரையில வந்த படங்க ஐயா இது. மேட்டூர் இன்னும் தெறக்கல. புதாத்து வாய்க்கால்ல மணல்தான் பறக்குது. பேராவூரணியில எந்த மகராசன் இப்ப நட்டுட்டு நிக்கிறான், கேளுங்க" என்றார். ரெத்தினம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பம்புசெட்டு என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இன்னொரு பந்தக்கால் நட எனக்குத் தெம்பில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பி, "உன் வீட்டுக்காரர் எங்கேம்மா இருக்கார்?" என்று கேட்டார்.

"மலேசியாவுல" என்றேன்.

கூடம் முழுக்கச் சிரித்தது. துரைராசு சால்வையைச் சரி செய்துகொண்டார். ஆறு மாவும் போய்விட்டது என்றே நினைத்துவிட்டேன். அதிகாரி சிரிக்கவில்லை. அவர் போய் எத்தனை மாசம் ஆச்சு, அப்படியானால் சம்பாவை யார் அறுத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். நட்டது? நான்தான். களை பறித்தது, மடை திறக்க ராத்திரி காத்துக் கிடந்தது? எல்லாவற்றுக்கும் நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். திருடியவள் ஒப்புக்கொள்கிற மாதிரி எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னால் நின்ற ராசம்மாள் அக்காவும் கூட நட்ட பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"தானோ, தன் குடும்பத்துல ஒருத்தரோ உடம்பால உழைச்சாப் போதும்னுதான் சட்டத்துல இருக்கு. அப்புறம் எதுக்கும்மா அவரைத் தேடிக்கிட்டு இருக்கீங்க? உன் பேருக்கே போடட்டுமா?" என்று கேட்டார்.

ரெத்தினம் என்னைப் பார்த்தான். சங்கத்துக்காரன், சட்டத்தை அத்தனை தடவை படித்துக் காட்டியவன், அவனுக்கே அது தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"போடுங்க" என்றேன். சொன்னது நான்தானா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது. சாகுபடிதாரர் செவ்வந்தி, கணவர் பெயர் ஐயாவு என்று எழுதினார்கள்.

நிலம் நிற்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து, உங்களிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

செவ்வந்தி


அலோர் ஸ்டார்
20-6-1971

செவ்வந்திக்கு,

கடிதம் கிடைத்தது. நீ செய்தது சரிதான். சரிதான் என்று கபீர் பாயும் சொன்னார். அவர் சிரித்த சிரிப்பில் கடையில் சாப்பிட்டவர்களுக்குப் புரையேறிவிட்டது.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அது என் அப்பா பெயரில் இருந்த குத்தகை. அவருக்கு அப்புறம் எனக்கு. இப்போது உனக்கு. நான் எங்கே போனேன்? அதைக் காப்பாற்றத்தானே இத்தனை மாசமாக ஒரு மலையை விழுங்கினேன்? கடைசியில் காப்பாற்ற நான் தேவையே இல்லை என்கிறாய். அப்படி நீ எழுதவில்லை, தெரியும். படிக்கும்போது அப்படித்தான் கேட்கிறது.

கோபம் என்றால் கோபமும் இல்லை. நீ வரிசையாக நான்தான், நான்தான் என்று சொன்னதை எழுதியிருந்தாயே, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். உழுதேன், அதுவும் எல்லா வருஷமும் இல்லை. மிராசுதார் வீட்டில் போய்ப் பேசினேன். வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஆகஸ்ட் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நிச்சயமாக ஏறுவேனா என்று கேட்டால் தெரியாது. வந்தால் அந்த வயலில் நான் யார்? உன்னிடம் ஆளாக நிற்கவா? வராவிட்டால் இங்கே நான் யார்? போர்டு எழுதுகிறவன், அதுவும் மலாய் எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் காப்பியடிக்கிறவன்.

இன்னொன்று. இனி மறைக்க வேண்டியதில்லை என்றதும் மலையைப் போடலாம் என்று நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். கை வரவில்லை. ஆகாயத்தைப் பூசிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன், பழக்கதோஷத்தில் கை நேராக வயலுக்கு இறங்கிவிடுகிறது. மலை எதிரேதான் நிற்கிறது. அதை எப்படிப் போட்டேன் என்று மறந்துவிட்டது.

வரவா, வேண்டாமா? நீ சொல்.

ஐயாவு


மேலக்குறிச்சி
11-7-1971

தமிழரசி அப்பாவுக்கு,

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. குறுவை நடவு நடக்கிறது, கையெல்லாம் சேறு, அதனால் நிறைய எழுத முடியாது.

வரவா வேண்டாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். போகும்போது கேட்டீர்களா? நான் வா என்று சொல்லி நீங்கள் வந்தால், உங்கள் நோட்டை நான் மூடியதாக ஆகிவிடும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

வயலில் நீங்கள் யார் என்று கேட்டிருந்தீர்கள். நான் பதினெட்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து அதே வயலில் நான் யார் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. வேலை இருந்தது, செய்தேன். இப்போதும் வேலை இருக்கிறது. மேலண்டை வரப்பு உடைந்து கிடக்கிறது, ரெத்தினத்துக்கு அது சரியாக அணைக்கத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.

குதிரிலிருந்து அந்த மூன்று படங்களையும் எடுத்துவிட்டேன். நெல் தூசி தட்டி, வந்த படங்களையெல்லாம் வரிசையாக வைத்துக் கோணி ஊசியால் தைத்தேன். மலைப் படம் ஒன்றை மட்டும் தைக்காமல் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்களெல்லாம் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். மலேசியா, எங்கள் வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார் என்று சொல்கிறேன். சொல்லும்போது எவ்வளவு நிம்மதி. துரைராசுகூட வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, மலை நன்றாக இருக்கிறது என்றார். ஜெக்கரியா இப்போது கடிதத்தை வீட்டுக்கே கொண்டுவருகிறார், தமிழரசிக்கு ஒரே கும்மாளம்.

தைக்கும்போதுதான் ஒன்று கவனித்தேன். எல்லாப் படத்தையும் மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்தேன். வயல் இருக்கிறது, கொக்கு இருக்கிறது, கால் முளைத்த வீடு இருக்கிறது. மலையை எடுக்கச் சொன்னேன், எடுத்தீர்கள். உங்களை எடுக்கச் சொல்லி நான் எழுதவே இல்லை. ஒரு படத்திலும் நீங்கள் இல்லை.

கை வராவிட்டால் பரவாயில்லை, கோணலாக வந்தாலும் வரட்டும். மலையைப் போடுங்கள். அதற்குக் கீழே, வரப்பில், உங்களைப் போட்டு அனுப்புங்கள். இளைத்திருந்தால் இளைத்த மாதிரியே போடுங்கள். கப்பல் ஏறுவதானால் அதைக் கையிலேயே கொண்டுவந்து கொடுங்கள். ஏறாவிட்டால் தபாலில் அனுப்புங்கள். தைத்த நோட்டில் கடைசித் தாளுக்கு இடம் விட்டு, நூலை முடிச்சுப் போடாமல் வைத்திருக்கிறேன்.

செவ்வந்தி